பைசாந்தியத் தேவாலய வெள்ளி: வேதமா, எடையா?

கொத்தளம் எழுதியது:

ரீஹா தட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வட சிரியாவில் கிடைத்தது, இப்போது வாஷிங்டனில் டம்பர்ட்டன் ஓக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நற்கருணை அப்பம் வைக்கும் வெள்ளித் தட்டு, சுமார் 35 செ.மீ. அகலம். கான்ஸ்டான்டினோப்பிளிலிருந்து ஆண்ட பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமானிய, பேரரசர் இரண்டாம் ஜஸ்டின் காலத்தது, 565-578. நடுவில் பலிபீடம். அதன் பின்னால் கிறிஸ்து ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் நிற்கிறார்: ஒரு பக்கச் சீடர்களுக்கு அப்பம் தருகிறார், மறுபக்கத்தவர்களுக்கு ரசம்.

விளிம்பைச் சுற்றிக் கிரேக்க எழுத்து. செர்கியா, தியோடோசியோஸ் ஆகியோரின் ஆன்ம இளைப்பாறுதலுக்காக, மெகலோஸ், நொன்னோஸ் ஆகியோரும் அவர்கள் பிள்ளைகளும் நல்லபடி இருப்பதற்காக என்று காணிக்கை கொடுத்தவர்களின் வேண்டுதல். தட்டைத் திருப்பினால் அடியில் அரசு முத்திரைகள்.

ஆக முன்பக்கம் வேதம், விளிம்பில் குடும்பம், பின்பக்கம் அரசாங்கம். அந்தக் காலத்து ஆள் இதைக் கையில் வாங்கியபோது எதை முதலில் பார்த்திருப்பான்? பைசாந்தியக் கலை பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் குறியீடு, குறியீடு என்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நாணயப்பித்தன் எழுதியது:

பின்பக்கத்தைத்தான் பார்த்திருப்பான். இதில் என்ன சந்தேகம்?

முதலாம் அனஸ்தாசியஸ் (491-518) தொடங்கி இரண்டாம் கான்ஸ்டன்ஸ் (641-668) வரை வெள்ளிப் பாத்திரங்களில் முத்திரை குத்தினார்கள். வழக்கமாக ஐந்து முத்திரை: வட்டம், அறுகோணம், சதுரம், நீளம், சிலுவை வடிவம். பேரரசரின் தலை, அவருடைய பெயரெழுத்துப் பின்னல், பொறுப்பான அதிகாரிகளின் பெயர்கள். வெள்ளியோ 90 சதவீதத்துக்கு மேல் சுத்தம். பல பாத்திரங்களின் அடியில் எடையையும் புள்ளியடித்து எழுதி வைத்திருக்கிறார்கள். எடை தெரிந்தால் விலை தெரியும். 397-ல் வந்த சட்டப்படி ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளிக்கு 5 சொலிதுஸ் (தங்கக் காசு), 422-ல் அது 4.

அப்புறம் ஏழாம் நூற்றாண்டில் பேரரசர் ஹெராக்ளியஸ் என்ன செய்தார் என்று பாருங்கள். பாரசீகர்கள் சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று வரிசையாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கஜானா காலி. 622 போர்ப் பயணத்துக்குத் தேவாலயச் சொத்தைக் கடனாக வாங்கினார். தலைநகரின் பெரிய தேவாலயமான ஹாகியா சோபியாவின் விளக்குத் தண்டுகளும் பாத்திரங்களும்கூட உருகி நாணயம் ஆயின. 615 முதல் அடித்த ஹெக்ஸாகிராம் வெள்ளிக் காசு என் சேகரிப்பில் ஒன்று இருக்கிறது. 'கடவுளே, ரோமர்களுக்கு உதவி செய்' என்று அதில் லத்தீனில் பொறித்திருக்கிறது. எந்தக் கோயிலின் எந்தக் கிண்ணம் அந்தக் காசுக்குள் இருக்கிறதோ!

நம் வீட்டில் பெண்ணுக்குப் போடும் நகை மாதிரிதான். விசேஷத்தில் அழகு, கஷ்டத்தில் அடகு.

---

தூபமணி எழுதியது:

நாணயப்பித்தன் சார், விற்க முடிகிற பொருளுக்கு அர்த்தம் கிடையாது என்கிறீர்களா? சட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். தேவாலயத்தின் திருப்பாத்திரங்களை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்பதுதான் ஆறாம் நூற்றாண்டுப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்துப் பொது விதி. சிறைபிடிக்கப்பட்டவர்களை மீட்கும் செலவு முக்கியமான விலக்கு. சும்மா உலோகம் என்றால் இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு?

எட்டாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோப்பிள் பிதாப்பிதாவாக இருந்த ஜெர்மானோஸ் (715-730) வழிபாட்டுக்கு ஒரு விளக்கம் எழுதினார். அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பொருள் சொல்கிறார். அப்பத்தட்டு, இயேசுவை அடக்கம் செய்த யோசேப்பு, நிக்கோதேமு ஆகியோரின் கைகள். கிண்ணம், சிலுவையில் கிறிஸ்துவின் விலாவிலிருந்து வழிந்ததை ஏந்திய பாத்திரம். தூபக்கலசம் கிறிஸ்துவின் மனிதத் தன்மை, அதிலுள்ள நெருப்பு தெய்வத் தன்மை, வாசனைப் புகை பரிசுத்த ஆவி. இன்னோரிடத்தில் அதே கலசத்தின் வயிறு மரியாளின் கருப்பை, உள்ளே இருக்கும் தணல் கிறிஸ்து.

கடைசிப் படிமத்தை நினைத்துக்கொண்டு சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் கிடைத்த பழைய வெண்கலத் தூபக்கலசங்களைப் பாருங்கள். மங்கள வார்த்தை, பிறப்பு, திருமுழுக்கு, சிலுவை, கல்லறைக்கு வந்த பெண்கள் என்று வெளிப்புறத்தைச் சுற்றி கிறிஸ்துவின் வாழ்க்கை முழுக்க ஓடும். உள்ளே தணல், வெளியே கதை. இதைச் செய்தவனுக்கு எடையைத் தவிர வேறு நினைப்பில்லை என்று நம்ப மாட்டேன்.

---

கொத்தளம் எழுதியது:

தூபமணி, ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த விளக்கங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பலிபீடம் ஒரு வரியில் குழந்தை இயேசுவைக் கிடத்திய தீவனத் தொட்டி, அடுத்த வரியில் அவருடைய கல்லறை. தட்டு ஓரிடத்தில் கைகள், ஓரிடத்தில் வான வட்டம். பொருள் முதலில் வந்தது, அர்த்தத்தைப் பிறகு ஆளாளுக்கு ஒட்டிக்கொண்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

தட்டின் மேல் வைக்கும் 'நட்சத்திரம்' என்ற கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வளைவுகளைக் குறுக்காக இணைத்த சின்ன உலோகச் சட்டம். அப்பத்தின் மேல் துணி படாமல் தாங்குவது அதன் வேலை, அவ்வளவுதான். ஆனால் அதை வைக்கும்போது குருவானவர், நட்சத்திரம் வந்து குழந்தை இருந்த இடத்தின் மேல் நின்றது என்ற மத்தேயு வசனத்தைச் சொல்கிறார். உடனே தட்டு பெத்லகேம் ஆகிவிடுகிறது. ஈட்டி, கரண்டி எல்லாம் அப்படித்தான். கத்திக்கு ஈட்டி வடிவம் கொடுத்ததும் அது விலாவைக் குத்திய ஈட்டி. கரண்டி, ஏசாயா தீர்க்கதரிசியின் வாயைத் தொட்ட தணலைச் சேராபீன் என்ற தேவதூதன் பிடித்திருந்த இடுக்கி.

---

நகாசுப்பட்டறை எழுதியது:

மூன்று பேரும் தட்டைப் படிக்கிறீர்கள், யாரும் செய்து பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து நகாசு வேலைதான், தகட்டில் உருவம் எழுப்புவது. அந்தக் கண்ணோடு சொல்கிறேன்.

முதலில், இது வார்ப்பு இல்லை. வெள்ளியைச் சுத்தியலால் அடித்துத் தட்டாக விரித்திருக்கிறார்கள். அடிக்க அடிக்க வெள்ளி விறைக்கும். விறைத்ததைத் தீயில் காட்டி இளக்கி மறுபடி அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் விளிம்பில் கீறல் விடும். உருவங்களைப் பின்புறமிருந்து தள்ளி எழுப்புவது ஒரு வேலை. தகட்டைத் திருப்பி முன்புறமிருந்து கண், விரல், துணி மடிப்பு எல்லாம் உளியால் பிடிப்பது இன்னொரு வேலை. நாங்கள் இன்றைக்கும் தகட்டுக்கு அடியில் அரக்குப் படுக்கை போட்டுத்தான் செய்கிறோம். மெத்தென்று ஏதாவது தாங்கல் இல்லாமல் இத்தனை தலைகளை இவ்வளவு நெருக்கமாக எழுப்ப முடியாது.

இப்போது முத்திரை விஷயம். இந்தக் காலத்துப் பாத்திரங்கள் பலவற்றில் அலங்காரக் கோடு முத்திரையின் மேல் ஏறி அதைச் சிதைத்திருக்கிறது. அப்படியென்றால் அரைகுறையாக வடிவம் வந்த பாத்திரத்தில் முதலில் முத்திரை குத்தி, வேலைப்பாட்டை அப்புறம் செய்திருக்கிறார்கள். நாணயப்பித்தன் இதைத் தன் கட்சிக்கு எடுத்துக்கொள்வார். நான் திருப்பிச் சொல்கிறேன். அரசாங்கம் தன் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் கிறிஸ்து அந்தத் தட்டுக்குள் வருகிறார். முத்திரை வெள்ளிக்கு. உளி போட்ட வேலை அதில் சேர்த்தி இல்லை. உருக்கினால் ஒரு பைசா திரும்பாத உழைப்பை ஏன் கொட்டினார்கள்? எடைதான் குறி என்றால் மொட்டைத் தட்டாகவே கொடுத்திருக்கலாமே?

பொன் முலாமையும் கவனியுங்கள். தட்டு முழுக்க இல்லை, தேர்ந்தெடுத்த இடங்களில் மட்டும். பொன்னைப் பாதரசத்தில் கரைத்து, குழைத்துத் தடவி, தீயில் காட்டினால் பாதரசம் புகையாகப் போய்விடும், பொன் வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகு ஏற்றுவது. அந்தப் புகை ஆளைக் கொல்லும். எழுத்துகளில் இருக்கும் கறுப்பு நியெல்லோ: வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த பொடி, செம்பு கலந்தால் சீக்கிரம் இளகும். வெட்டிய பள்ளத்தில் நிரப்பிச் சூடாக்கி, ஆறியதும் தேய்த்துச் சமமாக்குவார்கள். வெள்ளை, மஞ்சள், கறுப்பு என்று மூன்று நிறம். மின்விளக்கில் எடுத்த படத்தில் அது தட்டையாகத் தெரியும். எண்ணெய் விளக்கு அசையும்போது முலாம் போட்ட இடம் மட்டும் முன்னுக்கு வரும், எழுத்து ஒரேயடியாகக் கறுத்து நிற்கும்.

---

சும்மாவந்தவன் எழுதியது:

தலைப்பைப் பார்த்து வெள்ளி விலை பற்றிய இழை என்று நினைத்து வந்தேன். பரவாயில்லை, தொடருங்கள்.

---

நாணயப்பித்தன் எழுதியது:

பட்டறை அண்ணா, எழுத்து கறுத்து நிற்கும் என்றீர்களே, அந்த எழுத்து யாருடைய பெயர்? காணிக்கை கொடுத்தவன் பெயர். என் வாதம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஹாகியா சோபியாவின் பலிபீடப் பகுதியில் மட்டும் 40,000 ராத்தல் வெள்ளி இருந்ததாக ஜஸ்டினியன் காலத்து வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதுகிறார். ராத்தலுக்கு சுமார் 324 கிராம் என்றால் கிட்டத்தட்ட 13 டன். மிகை என்று பாதியாகக் குறைத்தாலும் அது ஒரு பேரரசின் சேமிப்புப் பெட்டி.

---

தூபமணி எழுதியது:

பெயர் மட்டும்தானா? அதே டம்பர்ட்டன் ஓக்ஸில் ரீஹா கிண்ணமும் இருக்கிறது, ஜஸ்டினியன் கால முத்திரையோடு. அதில் கொடுத்தவன் பெயரே இல்லை. கிண்ணத்தைச் சுற்றி, 'உம்முடையவற்றிலிருந்து உம்முடையதையே உமக்குப் படைக்கிறோம், ஆண்டவரே' என்ற வழிபாட்டு வரிதான் நியெல்லோவில் ஓடுகிறது. இன்றும் கிரேக்க வழிபாட்டில் அப்பத்தையும் ரசத்தையும் உயர்த்தும்போது ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். அந்தக் கிண்ணத்தைத் தூக்குகிற ஆளின் வாயில் என்ன வருகிறதோ அதுவே அவன் விரலுக்கடியிலும் இருக்கிறது.

வெள்ளியே ஒரு குறியீடு என்பதையும் விட்டுவிட்டோம். சங்கீதம் 12-ல் ஆண்டவரின் சொற்கள், மண்குகையில் ஏழுதரம் உருக்கிப் புடமிட்ட வெள்ளிக்கு ஒப்பானவை. சுத்தமான வெள்ளி என்று அரசு முத்திரை குத்தினால் எனக்கு அந்த வசனம்தான் ஞாபகம் வருகிறது.

---

பம்பைக்கரை எழுதியது:

வழிபாட்டு விசிறியைப் பற்றி யாருமே பேசவில்லையே!

ரீஹாவில் தட்டு, கிண்ணத்தோடு ஒரு வெள்ளி விசிறியும் கிடைத்தது. அதற்கு ஜோடி மாதிரி இருக்கும் ஸ்டூமா விசிறி இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் உள்ளது. நான்காம் நூற்றாண்டின் 'அப்போஸ்தலர் சட்டங்கள்' நூலில் இதன் ஆரம்பம் இருக்கிறது: பலிபீடத்துக்கு இருபுறமும் இரண்டு உதவிக் குருக்கள் மயில்தோகையாலோ மெல்லிய துணியாலோ ஆன விசிறியைப் பிடித்து, கிண்ணத்தில் பூச்சி விழாமல் மெல்ல ஓட்ட வேண்டும். ஈயோட்டும் வேலை!

இரண்டு நூற்றாண்டு கழித்து வந்த ரீஹா விசிறியைப் பாருங்கள். நடுவில் நாலு முகமும் இறக்கைகளும் கொண்ட கேருபீன் என்ற தேவதூதன், பக்கத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட சக்கரங்கள். விளிம்பைச் சுற்றி மயில்தோகைக் கண்களை வெள்ளியில் செதுக்கியிருக்கிறார்கள். நிஜத் தோகை போய்விட்டது, தோகையின் உருவம் நிற்கிறது. எசேக்கியேலில் கேருபீன்களின் உடல் முழுக்கக் கண்கள் என்று வருகிறது அல்லவா? தோகையின் கண் அப்படியே கேருபீனின் கண்ணாக மாறிவிட்டது என்று நான் படிக்கிறேன். இந்த இடத்தில் உபயோகம் முதலா குறியீடு முதலா என்று பிரிக்கவே முடியாது.

எங்கள் குடும்பம் கேரளத்து மலங்கரை சபை, இருப்பது சென்னையில். எங்கள் குர்பானாவில் (நற்கருணை வழிபாட்டில்) மர்வஹாசா என்று ஒரு விசிறி உண்டு: நீளக் கைப்பிடி, வட்டத் தகட்டில் சேராபீன் முகம், சுற்றிலும் குட்டிச் சலங்கை. குறிப்பிட்ட இடங்களில் அதைக் குலுக்குவார்கள், இறக்கைகளின் ஓசை என்பார்கள். நாங்கள் பைசாந்திய வழி இல்லை, மேற்குச் சிரிய வழி. ஆனால் ரீஹாவும் ஸ்டூமாவும் அந்தியோக்கியாவின் சுற்றுப்புறம்தான். எங்கள் வழிபாடும் அந்த மண்ணிலிருந்து வந்ததுதான். தட்டின் மேல் வைக்கும் நட்சத்திரமும் எங்களிடம் இருக்கிறது.

---

சும்மாவந்தவன் எழுதியது:

முருகன் கோயில் மயில்தோகை விசிறியும் இதுவும் ஒன்றுதானோ? இங்கிருந்து அங்கே போயிருக்குமோ?

---

பம்பைக்கரை எழுதியது:

மயில் இந்தியப் பறவை, தோகை மேற்கே போயிருக்கலாம் என்பதுவரை சரி. வழிபாட்டு முறையே இங்கிருந்து போனது என்பதற்கு ஆதாரம் வேண்டும் தம்பி. சூடான ஊரில் இனிப்பு ரசத்தைத் திறந்து வைத்தால் ஈ வரும். விசிறி தேவை என்பது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

---

கொத்தளம் எழுதியது:

பம்பைக்கரை, இந்த விசிறி ஒன்றுக்காகவே இழை தொடங்கியது வீண் போகவில்லை.

நாணயப்பித்தன் கட்சிக்கும் தூபமணி கட்சிக்கும் சேர்த்து ஒரு சம்பவம். சிரியப் பாலைவனத்தில் ருசாஃபா என்ற ஊர், புனித செர்கியஸின் தலம். அங்கே ஜஸ்டினியனும் தியோடோராவும் கொடுத்த மணிகள் பதித்த பொற்சிலுவையைப் பாரசீக மன்னர் முதலாம் கோஸ்ரு கொள்ளையடித்துப் போனார். அவருடைய பேரன் இரண்டாம் கோஸ்ரு அரியணையை இழந்து, ரோமர் உதவியால் மீட்டபோது அந்தச் சிலுவையைத் திருப்பி அனுப்பினார். அவருடைய கிறிஸ்தவ மனைவி ஷிரின் கருவுற்ற பிறகு அப்பத்தட்டு, கிண்ணம், தூபக்கலசம் என்று இன்னொரு தொகுதியும் நன்றிக் காணிக்கையாகப் போனது. அந்தக் காலத்துத் திருச்சபை வரலாற்றாசிரியர் எவாக்ரியஸ் இதை மன்னரின் கடிதத்தோடு பதிவு செய்திருக்கிறார். கொடுத்தவர் ஜொராஸ்திரிய மன்னர்! பக்தியா, அரசியலா, மனைவிக்காகவா? எனக்கு மூன்றும் தெரிகிறது.

---

லகூன் எழுதியது:

எல்லாரும் ஆறாம் நூற்றாண்டிலேயே நிற்கிறீர்கள். வெனிஸ் சான் மார்கோ கருவூலத்துக்குப் போய்ப் பாருங்கள். 1204-ல் நான்காம் சிலுவைப்போர்க்காரர்கள் கான்ஸ்டான்டினோப்பிளைச் சூறையாடியபோது எடுத்துவந்தவைதான் அங்கே பெருமளவு. ஹாகியா சோபியாவின் பலிபீடத்தை உடைத்துப் பங்கு போட்டார்கள், வெள்ளியையும் பொன்னையும் சுமக்கக் கோவேறு கழுதைகளை உள்ளேயே ஓட்டிவந்தார்கள் என்று அந்தக் காலத்து பைசாந்திய வரலாற்றாசிரியர் நிகேதாஸ் கோனியாதேஸ் எழுதுகிறார்.

அங்கே 'பேரரசர் ரோமனோஸ் கிண்ணம்' ஒன்று. பத்தாம் நூற்றாண்டு. கிண்ணம் உலோகமே இல்லை, செம்பழுப்பு வரியோடிய சார்டோனிக்ஸ் கல். அதைச் சுற்றிப் பொன்முலாம் பூசிய வெள்ளிப் பட்டைகள், முத்துச் சரம், எனாமல் பதக்கங்களில் கிறிஸ்து, மரியாள், புனிதர்கள். கல்லே ரத்த நிறம். அடியில், 'ஆண்டவரே, ரோமனோஸுக்கு உதவி செய்யும்'. இங்கே எடைக் கணக்கு எடுபடாது நாணயப்பித்தன், கல்லை உருக்க முடியாது.

---

நகாசுப்பட்டறை எழுதியது:

லகூன் சொன்ன எனாமல் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் ஊரில் இதை மீனா வேலை என்போம், ஆனால் இவ்வளவு நுணுக்கம் நான் நேரில் பார்த்ததில்லை. முடி போன்ற பொன் பட்டையை வளைத்து மூக்கு, புருவம், துணி மடிப்பு என்று குட்டிக் குட்டிப் பாத்தி கட்டுவது. பாத்திக்குள் கண்ணாடிப் பொடி. உலையில் வைத்தால் உருகி அமுங்கும். மறுபடி நிரப்பு, மறுபடி உலை. சமமானதும் தேய்த்து மெருகு. ஒவ்வொரு நிறத்துக்கும் உருகும் சூடு வேறு. கொஞ்சம் கூடினால் பொன்னே இளகிப் போகும். ஒரு பதக்கத்தில் முகத்துக்குள்ளேயே எத்தனை பட்டை என்று எண்ணிப் பாருங்கள், பிறகு பேசலாம்.

---

நாணயப்பித்தன் எழுதியது:

கல்லை உருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன், அதனால்தான் அது மிஞ்சியது :) வெள்ளியில் மிஞ்சியவை புதைத்து வைத்தவையும், புதைத்தவன் திரும்பி வராதவையும்தான். காப்பர் கொராவோன் என்ற சிரிய ஊர்த் தேவாலயத்தின் வெள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ரீஹா, ஸ்டூமா, ஹாமா, அந்தியோக்கியா என்று நான்கு பெயரில் சந்தைக்கு வந்தவை உண்மையில் இந்த ஒரே கோயிலின் சொத்து என்று மார்லியா மேங்கோ வாதிட்டார், 1986-ல் பால்டிமோரில் அதற்கு ஒரு கண்காட்சியே நடந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட உருப்படிகள். தலைநகரமில்லை, பட்டிக்காடு! பட்டிக்காட்டுக் கோயிலிலேயே இவ்வளவு வெள்ளி.

---

தூபமணி எழுதியது:

அந்த நான்கில் அந்தியோக்கியா கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1910 வாக்கில் கிடைத்தது. உள்ளே மொட்டை வெள்ளிக் கோப்பை, வெளியே திராட்சைக் கொடிக்கு நடுவே மனிதர்கள் அமர்ந்திருக்கும் முலாம் பூசிய துளைவேலைக் கூடு. உள்கோப்பைதான் கடைசி இராப்போஜனத்தில் இயேசு பயன்படுத்தியது என்று கிளப்பிவிட்டு, 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் வைத்துக் கூட்டம் சேர்த்தார்கள். இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதைக் கிண்ணம் என்றே நம்பவில்லை. ஆறாம் நூற்றாண்டின் முதல் பாதியில் செய்த நிலைவிளக்காக இருக்கலாம் என்கிறார்கள். 'நானே உலகின் ஒளி' என்றவரைத் திராட்சைக் கொடிக்குள் உட்காரவைத்து உள்ளே எண்ணெய் ஏற்றினால், எனக்கு அது கிண்ணத்தைவிட அழகு.

---

கொத்தளம் எழுதியது:

விளக்கு என்றதும் சியோன் புதையலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1963-ல் துருக்கியின் தென்கரையில் கும்லுஜா அருகே கிடைத்தது. ஆறாம் நூற்றாண்டு, யூட்டிகியானோஸ் என்ற ஆயரின் பெயர் பல உருப்படிகளில். கண்ணாடிக் குப்பிகள் செருகித் தொங்கவிடும் துளைவேலை விளக்குகள் அதில் பிரமாதம். 563-ல் அரண்மனை அதிகாரியும் கவிஞருமான சைலன்ஷியரி பவுல் பாடிய ஹாகியா சோபியா விளக்குகளும் இந்த ரகம்தான்: சங்கிலியில் தொங்கும் துளையிட்ட வெள்ளி வட்டு, துளைக்குள் கண்ணாடிக் குப்பி. பலிபீடத்துக்குப் போர்த்திய வெள்ளித் தகடுகள்கூட சியோனில் உண்டு. பலவற்றை மடக்கி நசுக்கிப் புதைத்திருக்கிறார்கள். பட்டறை அண்ணா, உருக்கப் போகிறவன் மடக்குவானா, ஒளிக்கப் போகிறவனா?

---

நகாசுப்பட்டறை எழுதியது:

இரண்டு பேரும் மடக்குவார்கள். எப்படி மடக்கியிருக்கிறான் என்று பார்க்க வேண்டும். உருக்குகிறவனுக்கு அக்கறை இல்லை, மூசையில் (உருக்கும் மண்பாத்திரம்) நுழைகிற அளவுக்கு வெட்டுவான். ஒளிக்கிறவன் பெட்டிக்குள் அடங்கினால் போதும் என்று மடிப்பான். மடிப்பில் வெள்ளி கீறியிருக்கும், ஆனால் துண்டு போகாது, இளக்கி நிமிர்த்தலாம். நிமிர்த்தியும் இருக்கிறார்கள், படத்தில் மடிப்புத் தழும்பு தெரிகிறதே.

---

லகூன் எழுதியது:

ஆனால் அந்தப் புதையல் இப்போது பாதி அன்டால்யாவில், பாதி வாஷிங்டனில். துருக்கி திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அது எப்படி வெளியே போனது என்பதையும் பேச வேண்டாமா?

---

மேற்பார்வையாளர் எழுதியது:

பேசலாம், ஆனால் தனி இழையில். 'அருங்காட்சியகங்களும் கடத்தல் பொருள்களும்' என்ற இழை ஏற்கெனவே ஓடுகிறது, லகூனின் கடைசிப் பதிவை அங்கேயும் சேர்த்திருக்கிறேன். இங்கே உலோக வேலை பற்றி மட்டும் தொடரவும். பட்டறை அண்ணா, அரக்குப் படுக்கையில் தகடு ஏற்றும் படம் இருந்தால் போடுங்கள், இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்கள்.